பாக்குக் கிடங்கும் அரசியலும் – ஆனந்தரங்கப் பிள்ளை

ரங்கப்பிள்ளை வீதியைத் தெரியாதவர் புதுச்சேரியில் இருக்க மாட்டார்கள். அந்த வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நாட்குறிப்பு எழுதியவர் என்று பலரும் அறிவார்கள். ஆனால் அவர் முதலில் ஒரு வியாபாரி. பிறகுதான் அரசியல்!

அவர் 1709 மார்ச் 30-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர் நைனியப் பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக இருந்தார். அந்த உறவால் குடும்பம் புதுச்சேரிக்கு வந்தது.

துபாஷி என்றால் இருமொழி அறிந்தவர். ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு முடியாது. கும்பினிக்குத் துணி சேர்த்துத் தருவது, ஊர் வழக்குகளைத் தீர்ப்பது, நவாபுகளுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அவர் தலையில்தான். லாபம் அதிகம், ஆபத்தும் அதிகம். கவர்னர் எபேர் 1716-ல் நைனியப் பிள்ளையைச் சிறையில் அடைத்தார். மறு ஆண்டே அவர் சிறையில் இறந்தார். கவர்னரின் கோபம் என்ன செய்யும் என்பதை அந்தக் குடும்பம் அப்போதே பார்த்துவிட்டது.

1726-ல் தந்தை இறந்தார். கவர்னர் லெனுவார் இளைஞரான ரங்கப் பிள்ளையிடம் பரங்கிப்பேட்டைத் துணி வியாபாரத்தை ஒப்படைத்தார். ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் அவர் கடைகள் திறந்தார். 'ஆனந்தப் புரவி' என்ற சொந்தக் கப்பல் கொழும்பு வரை போய் வந்தது. புதுச்சேரியில் அவருடைய பாக்குக் கிடங்குதான் அவர் உட்காரும் இடம். வியாபாரிகள், தூதர்கள், வழக்காளிகள் எல்லோரும் அங்கேதான் வந்தார்கள்.

1746-ல் தலைமைத் துபாஷி கனகராய முதலி இறந்தார். அந்த இடத்துக்குப் பலத்த போட்டி இருந்தது. கவர்னர் டூப்ளேயின் மனைவிக்கு ரங்கப் பிள்ளையைப் பிடிக்காது. ஆனாலும் நாட்டு மன்னர்களையும் சந்தை நிலவரத்தையும் அவரைப்போல் அறிந்தவர் வேறு யாரும் இல்லை. பொறுப்பு அவர் கைக்கே வந்தது. பின்னர் நிஜாம் முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரை மன்சப் பட்டமும் செங்கல்பட்டு ஜாகீரும் கொடுத்தார்.

ஆனால் இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும்? 1748 செப்டம்பரில் அதற்குப் பதில் கிடைத்தது. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், ஏசு சபையாரின் கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடிக்க உத்தரவானது. ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம் ஓடிவந்தார்கள். ஊரிலேயே பெரிய தமிழ் அதிகாரியால் அதைத் தடுக்க முடியவில்லை. நடந்ததை எல்லாம் அவர் வேதனையோடு எழுதி வைத்தார். அவரால் செய்ய முடிந்தது அதுதான். பதவி கவர்னர் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டே கவர்னரை எதிர்ப்பது எப்படி?

1754-ல் டூப்ளே பிரான்சுக்குத் திரும்பினார். 1756-ல் பிள்ளையின் பதவியும் போனது. 1761 ஜனவரி 12-ல் அவர் இறந்தார். நான்கே நாளில் ஆங்கிலேயர் நகருக்குள் நுழைந்தார்கள்.

பட்டமும் ஜாகீரும் போயின. நின்றது 1736 செப்டம்பர் 6-ல் தொடங்கிய நாட்குறிப்பு. கப்பல் வரவு, சரக்கு விலை, தர்பார் பேச்சு, வீதி வதந்தி என்று எல்லாவற்றையும் வியாபாரி கணக்கு எழுதுவதுபோல் பேச்சுத் தமிழில் எழுதினார். 1846-ல் கல்வா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்கள் இதிலிருந்து பிறந்தவையே.

அவருடைய வீடு புதுச்சேரியில் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் தமிழ் வீட்டு மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். ஒரு துபாஷியின் வாழ்க்கையும் அப்படித்தான் இருந்தது.