ஊமையான ஹோனும் முன்னால் நடந்த பையனும்



போன மாதம் ஒரு காலை. பசறையிலிருந்து லுணுகலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பனிமூட்டம் பாதையில் இறங்கி, பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. என்னுடையது எண்பதுகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய சிங்கிள் கெப். ஒரு முடக்கில் ஹோனை அமர்த்தினேன். சத்தம் இல்லை. திரும்ப அமர்த்தினேன். ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு குத்து விட்டேன். ஊமை.

பக்கத்தில் இருந்த தரம் 10 பையன், தோட்டத்துப் பிள்ளை, நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டான். "நான் எறங்கி முன்னுக்கு நடக்கிறேன் சேர். நீங்க மெல்ல வாங்க." முடக்கின் மறுபக்கம் போய் நின்று, கையைத் தூக்கிக் காட்டினான். நான் போனேன். அடுத்த முடக்குக்கு ஓடினான். மூன்றாவது முடக்கில் எதிரே வந்த கொழுந்து லொறியை அவன்தான் நிறுத்தினான். அவன் இல்லாவிட்டால் நானும் அந்த லொறியும் எந்த இடத்தில் சந்தித்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வரலாறு படிப்பிக்கிறவனுக்கு அந்த நேரத்திலும் மூளை வேறெங்கோ போகும். எனக்கு 1865 ஞாபகம் வந்தது.

அந்த வருடம் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குதிரை இல்லாமல், நீராவியால் வீதியில் ஓடும் வண்டிக்கு முன்னால் குறைந்தது 60 யார் தூரத்தில் ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்கவேண்டும். வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகரத்தில் 2 மைலுக்கு மேல் ஓடக்கூடாது. 1878இல் கொடி கட்டாயமில்லை என்றார்கள், தூரத்தையும் 20 யாராகக் குறைத்தார்கள். ஆள் நடப்பது மட்டும் நிற்கவில்லை. 1896இல்தான் இலகுவான மோட்டார் வண்டிகளுக்கு அந்த ஆளை விலக்கினார்கள். அவனுக்குப் பதிலாக அதே சட்டம் கேட்டது என்ன தெரியுமா? போதிய எச்சரிக்கை தரக்கூடிய ஒரு மணி, அல்லது அதுபோன்ற ஒரு கருவி.

இன்று நாம் வீதியில் எரிச்சலோடு அமர்த்துகிற ஹோனின் பரம்பரை இதுதான். முன்னால் நடந்த ஒரு மனிதனின் வேலையை அது எடுத்துக்கொண்டது. அது செத்துப்போனால் மனிதன் திரும்ப இறங்கி நடக்கத்தான் வேண்டும். என் மாணவன் 1865க்குப் போய்விட்டு வந்தான், அவ்வளவுதான்.

நம்முடைய மலைகளில் சத்தத்துக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. இங்கே முதலில் சத்தம் எச்சரிக்கையாக வரவில்லை, கட்டளையாக வந்தது. விடியுமுன் தப்பு அடித்தால், கொம்பு ஊதினால், லயத்தில் இருக்கிற எல்லோரும் எழும்பிப் பெரட்டுக்குப் போகவேண்டும். பிறகு சில தோட்டங்களில் ஸ்டோரின் சங்கு அந்த வேலையைச் செய்தது. பிந்திப் போனால் அன்றைய பெயர் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் அந்தத் தப்புச் சத்தத்தை எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். பாதையில் கேட்டதெல்லாம் மாட்டு வண்டியின் மணிச் சத்தம்தான். ரயில் பண்டாரவளைக்கு 1894இல் வந்தும் பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. அதுவரை தேயிலைப் பெட்டி பதுளையிலிருந்து போனதும் அரிசி மூட்டை வந்ததும் வீதியால்தான்.

முதல் மோட்டார் வண்டிகளில் இருந்தது ரப்பர் குமிழைக் கையால் அமுக்கும் ஊதுகொம்பு. அது இன்னும் சாகவில்லை. மீன்காரர் சைக்கிளில் வைத்திருக்கிறாரே, அதேதான். (பாண்காரர் மட்டும் பேத்தோவனுக்கு மாறிவிட்டார். முச்சக்கரவண்டியில் வரும் அந்த மெட்டு ஜெர்மனிக்காரர் ஒருவர் 1810 அளவில் பியானோவுக்கு எழுதியது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புகிறார்கள் இல்லை.)

பிறகு மின்சாரம் வந்தது. மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்ற அமெரிக்கர், காது கேளாதவர்களுக்கு மின்சாரக் கேட்கும் கருவி செய்து பெயர் எடுத்தவர், ஒரு மோட்டாரால் பற்சக்கரத்தைச் சுழற்றி மெல்லிய உலோகத் தகட்டை அதிரவைத்தார். 1908இல் 'கிளாக்சன்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. கிரேக்க மொழியில் அலறுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்த பெயர். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நச்சுவாயு வருகிறது என்று அறிவிக்கவும் இதையே சுழற்றினார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒலிவர் லூக்காஸ் 1910 அளவில் செய்த மின்சார ஹோன்தான் பிரித்தானிய வண்டிகளோடு நம் பக்கம் வந்த வகைக்கு முன்னோடி.

இப்போது நம் கெப்பில் இருப்பதில் மோட்டார் இல்லை. உள்ளே ஒரு காந்தச் சுருள், ஒரு உருக்குத் தகடு, ஒரு பொயின்ட். கரண்ட் வந்ததும் காந்தம் தகட்டை இழுக்கும். இழுத்த உடனே பொயின்ட் விலகிக் கரண்ட் அறும். தகடு திரும்பும், பொயின்ட் தொடும், மறுபடி இழுக்கும். ஒரு செக்கனில் சில நூறு தடவை. வீட்டு மின்சார மணியின் அதே தத்துவம்தான், வேகம் மட்டும் கூட.

சரி, என் கெப்புக்கு வருகிறேன். பதுளை டவுனில் புது ஹோன் ஒன்று வாங்கிப் பூட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நல்ல காலம், முதலில் வயதான வயரிங் பாஸ் ஒருவரிடம் போனேன். ஒஸ்டின், மொரிஸ் காலத்திலிருந்து கை வைத்தவர்.

அவர் போனட்டைத் திறந்து, என்னை பட்டனை அமர்த்தச் சொல்லிவிட்டுக் காது கொடுத்தார். ரிலே 'டிக்' என்றது. "பட்டன்ல பிழையில்ல சேர்." பெற்றரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயரை நேரே ஹோனுக்குக் கொடுத்தார். சத்தமில்லை. நான், "அப்போ ஹோன் முடிஞ்சுது" என்றேன். அவர் சிரித்துவிட்டு, மைனஸ்ஸிலிருந்து இன்னொரு வயரை ஹோனின் உடம்பில் தொட்டார். கராஜே அதிர்ந்தது.

விஷயம் இதுதான். இந்த வகை ஜப்பான் கெப் பலவற்றில் ஹோனுக்கு ஒரே ஒரு வயர்தான் போகும். திரும்பி வரும் பாதை, அதாவது எர்த், ஹோனைப் பிடித்திருக்கும் தகடும் நட்டும் வழியாக பொடிக்குப் போகிறது. நம் மழையிலும் பனியிலும் அந்த நட்டுக்கடியில் துரு பிடித்தால் கதை முடிந்தது. அவர் தகட்டைச் சுரண்டி, பளபளப்பு வந்ததும் பூட்டி, ஹோனின் வாயைக் கீழே பார்க்கத் திருப்பிவிட்டார், தண்ணீர் நிற்காமல் இருக்க.

நான் காசு எடுக்கப் போனேன். அவர் விடவில்லை. "ஸ்டியரிங்க முழுசா இடப்பக்கம் வெட்டிட்டு அமத்துங்க." அமர்த்தினேன். சத்தமில்லை! நேரே வைத்தால் அடிக்கிறது, வெட்டினால் அடிக்கவில்லை.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய பிரித்தானிய வண்டிகளிலேயே ஹோன் பட்டனை எர்த் பக்கத்தில் வைப்பது வழக்கமாகிவிட்டது. ஸ்டியரிங் தண்டு வழியே ஒரே வயரைக் கொண்டுபோய், பட்டனை அமர்த்தும்போது பொடியில் தொடவைத்தால் போதும். இரண்டு வயர் தேவையில்லை. ஜப்பான்காரர் நடுவில் ரிலேயைச் சேர்த்து, ஹோனின் பாரமான கரண்ட் பட்டனுக்கு வராமல் செய்தார்கள். ஆனால் சுழலும் ஸ்டியரிங்குக்கும் சுழலாத வயருக்கும் இடையில் ஒரு பித்தளை வளையமும் அதில் உரசும் சின்ன முனையும் இருந்தே ஆகவேண்டும். மட்டமான பாதையில் ஓடும் வண்டியில் அந்த வளையம் ஒரே இடத்தில்தான் உரசும். பெரகலையிலிருந்து ஹப்புத்தளை ஏறுகிற, எல்லயிலிருந்து வெல்லவாய இறங்குகிற வண்டியில்? முழு வளையமும் தேயும். அதனால்தான் கராஜில் நேராக நிற்கும்போது அடிக்கிற ஹோன், முடக்கில், தேவைப்படுகிற அதே இடத்தில், காலை வாரிவிடுகிறது. இதே அமைப்பால்தான் சில பழைய வண்டிகள் தானாகவே கத்துவதும். வயரின் தோல் தேய்ந்து பொடியில் பட்டால், பட்டனை அமர்த்தியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

அவர் வளையத்தைத் துடைத்து, முனையைச் சற்று இழுத்து, கொஞ்சம் கிரீஸ் பூசிப் பூட்டினார். (ஸ்டியரிங்கில் எயார் பேக் உள்ள வண்டி என்றால் நீங்களாகத் திறக்கவேண்டாம். அது வெடித்துத் திறப்பது, விளையாட்டில்லை.) ஹோனின் பின்னால் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். சத்தம் தொண்டை கட்டியதுபோல் வந்தால் மட்டும் அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பார்க்கலாம். பலர் முதலிலேயே அதில் கை வைத்துக் கெடுத்துவிடுகிறார்கள் என்று திட்டினார்.

இப்படிச் சுரண்டியும் துடைத்தும் ஓட்டுகிற கெட்டித்தனம் எங்கிருந்து வந்தது? அறுபதுகளில் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 வரைக்கும் இருந்ததை வைத்தே ஓட்டினார்கள். இடையில் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. துரைமாரின் வண்டிகளும் கை மாறின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது, தனியார் வாகனங்களுக்குத் திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. என் கெப் போன்றவை இன்னும் வீதியில் இருப்பது ஆசையால் மட்டும் இல்லை.

13ஆம் கட்டையைக் கடக்கும்போது நான் எப்போதும் மெதுவாகிவிடுவேன். 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் அங்கே பள்ளத்தில் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல் விழுந்து பாதை ஒடுங்கியிருந்தது, எதிரே டிப்பர் வந்தது. ஹோன் அடித்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பிழை வேறு. ஆனால் நம் பாதைகளில் இரண்டு வண்டிக்கு நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போவதும் அதே இடத்தில்தான்.

பாஸ் கேட்டது மிகக் குறைந்த காசு. "துருவச் சுரண்டினதுக்கு என்ன சேர் கணக்கு" என்றார். நான் வற்புறுத்திக் கூடக் கொடுத்தேன். அடுத்த நாள் அதே முடக்கில் ஹோன் அடித்தபோது பையன் சொன்னான், "கொஞ்சம் சத்தம் மாறியிருக்கு சேர்." உண்மைதான், மாறியிருக்கிறது.

பழைய தோட்ட லொறிகள் ஓட்டியவர்கள், அல்லது உங்கள் வாப்பா, அப்பா, பாட்டன் ஓட்டியிருந்தால், ஸ்பிரிங்வெளி, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கம் எந்த முடக்கில் எத்தனை தடவை ஹோன் அடிப்பார்கள், கொழுந்து லொறியின் சத்தத்தைத் தூரத்திலிருந்தே எப்படி அடையாளம் கண்டார்கள் என்று எழுதுங்கள். எடுத்து வைத்துக்கொள்கிறேன்.