இமயப் பனியும் நம்மவர் பசியும்

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடச் செல்வோர், எவ்வூரில் பனி தவறாது பெய்யும், எவ்வூரில் பொய்க்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்தே புறப்படுகின்றனர். அங்கே பனி பொய்த்தால் விளையாட்டுக் கெடும், அவ்வளவே. ஆனால் மலைப்பனியைக் கணக்கிடும் வேலை ஒருகாலத்தில் ஏழைகளின் சோற்றை முன்னிட்டு நடைபெற்றது. அவ்வரலாறு நம் முன்னோரையும் தொட்டதாகும்.

1876ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. அதனால் மூண்டு 1878 வரை நீடித்த பஞ்சத்தையே நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லி வந்தனர். இந்தியாவில் அதனால் மடிந்தோர் ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்டவர் என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர் கணக்கு. மழை பொய்த்தால் அதனைத் தெய்வ கோபமென்று கருதி, கொடும்பாவி கட்டி இழுப்பதே நம் ஊர்களின் வழக்கம்.

ஆனால் காரணத்தை வானிலும் மண்ணிலும் தேடியவரும் இருந்தனர். 1875இல் தோன்றிய இந்திய வானிலைத் துறையின் தலைவர் ஹென்றி பிளான்போர்ட், இமயத்தில் பனி மிகுந்து பெய்த ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குன்றுவதை 1884இல் எடுத்துக் காட்டினார். பனி மூடிய நிலம் எளிதில் சூடேறாது. நிலம் சூடேறாவிடின் கடற்காற்றை ஈர்க்கும் வலிமையும் குறையும். இக்கருத்தை வைத்தே 1886 முதல் பருவமழை முன்னறிவிப்பு வெளிவந்தது. ஆயினும் பனி ஒன்றே காரணமன்று. 1904இல் அத்துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் மீது காற்றழுத்தம் துலாக்கோல்போல் ஏறி இறங்குவதைப் பின்னர்க் கண்டறிந்தார். 1877ஆம் ஆண்டின் வறட்சிக்குப் பசிபிக் கடல் வெப்பமுற்றதே பெருங்காரணம் என்று இக்கால அறிஞர் கூறுவர்.

மழை பொய்த்தது இயற்கையின் செயல். மக்கள் மடிந்தது யார் செயல்? அப்பஞ்சத்திலும் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று. 1877இல் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு விதித்த நாட்கூலி, ஒரு இராத்தல் தானியத்தின் விலையும் ஓரணாவுமே. உழைப்பவன் உடலுக்கு இது போதாதென்று சென்னைச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வன்மையாக எதிர்த்தார். பஞ்ச விதிகள் வகுக்கப்பெற்றது மக்கள் மடிந்த பின்னரே, 1883இல்!

பின்னாளில் திருச்சி, சேலம், தஞ்சை, வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் நம்மவரை மலாயாவுக்கு அழைத்து வந்தனர். வானம் பார்த்த பூமியை விட்டு மழைக்குப் பஞ்சமில்லாத நாட்டிற்கு வந்தோம் என்று அவர்கள் மகிழ்ந்திருக்கலாம். இங்கும் மழை அவர்களை விடவில்லை. காலையில் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் குறைந்தது. அதே மலாக்காவில் 1991இல் டுரியான் துங்கல் அணை வறண்டு, குடிநீருக்கு மக்கள் தவித்ததையும் நாம் மறத்தலாகாது.

தோட்ட அலுவலகத்தில் மழைமானியின் அளவை நாள்தோறும் ஏட்டில் குறிக்கும் கிராணிகளுள் நானும் ஒருவன். ‘வந்தால் வருகிறது’ என்று வானத்தை நோக்கியிருப்பது அறியாமை. அளந்து, எழுதி, ஒப்பிட்டு, முன்கூட்டியே நீரையும் நெல்லையும் சேமித்து வைப்பதே அறிவு. தலையெழுத்தென்று நொந்துகொள்வதை விடுத்து, மழை ஏட்டைப் படிக்க நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.