சாய்ந்த அடிப்பரப்புள்ள ஆழமற்ற அடித்தளங்களின் தாங்குதிறன்

தாங்குசுவரின் அடித்தளத்தில் எடையோடு பின்மண்ணின் பக்கவாட்டு அழுத்தமும் சேர்வதால், மொத்த விசை சாய்வாகவே இறங்குகிறது. சுவர் சறுக்காமலிருக்க, அடிப்பரப்பைப் பின்புறம் ஆழமாகவும் முன்புறம் உயர்ந்தும், அந்த விசைக்குச் செங்குத்தாகவும் அமைப்பதுண்டு. அப்படி அமைத்தால் மண் எவ்வளவு தாங்கும் என்பதற்கான சூத்திரம் படிப்படியாக உருவானது.

1920-இல் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டில், உலோகத்தில் கடினப் பொருள் அழுந்தும்போது ஏற்படும் குழைவை ஆராய்ந்து அடிப்படை அமைத்தார். 1924-இல் ரைஸ்னர் பக்கச் சுமையின் பங்கைச் சேர்த்தார். கார்ல் டெர்சாகி 1943-இல் பிணைப்பு, பக்கச் சுமை, மண்ணின் எடை ஆகிய மூன்றையும் ஒரே சூத்திரமாக்கினார். ஆனால் அது கிடைமட்ட அடிப்பரப்புக்கும் செங்குத்துச் சுமைக்கும் உரியது. சாய்ந்த சுமையை மேயர்ஹாஃப் 1953-இல் ஆராய்ந்தார்.

அடிப்பரப்புச் சாய்வுக்குத் தனிக் காரணிகள் தந்தவர் டென்மார்க்கின் பிரிஞ்ச் ஹான்சன். அவர் மறைந்த மறு ஆண்டு, 1970-இல், வெளியான அறிக்கையில் அவை உள்ளன. அவற்றின் அழகு எளிமையில் இருக்கிறது. அடித்தளம் உடையும்போது கீழிருக்கும் மண் விசிறிபோல் திரும்பி மேலெழுகிறது. முன்விளிம்பு உயர்ந்திருந்தால், சாய்ந்த கோணத்தின் அளவுக்கு அந்தத் திருப்பம் குறைகிறது, எதிர்ப்பும் குறைகிறது. உராய்வற்ற களிமண்ணுக்கு அவர் தந்த காரணியில், 1-இலிருந்து கழிக்க வேண்டியது சாய்வுக் கோணத்தை 147 பாகையால் வகுத்த அளவு. உராய்வற்ற மண்ணுக்கான பிராண்டிலின் தாங்குதிறன் எண்ணான 5.14-இல் பாதியை ரேடியனாகக் கொண்டு பாகைக்கு மாற்றினால் இந்த 147 கிடைக்கும். அமெரிக்காவில் வெசிச் 1973-இல் இன்னும் சுருக்கமான வடிவம் தந்தார்.

சாய்த்தால் தாங்குதிறன் குறையும் என்று இதைப் பாதியில் நிறுத்திப் புரிந்துகொள்வது தவறு. உராய்வுக் கோணம் 30 பாகையுள்ள மணலில் நீள அடித்தளம் ஒன்றின் மேல் விசை 10 பாகை சாய்ந்து வருவதாகக் கொள்வோம். வெசிச் முறைப்படி, கிடைமட்ட அடிப்பரப்பில் மண் எடைக்கான உறுப்பு சுமைச் சாய்வால் 0.56 மடங்காகக் குறையும். அடிப்பரப்பையும் 10 பாகை சாய்த்தால் சுமைச் சாய்வுக்கான குறைப்பு நீங்கி, அடிப்பரப்புக்கான 0.81 மட்டுமே எஞ்சும்.

ஐரோப்பியத் தரமான யூரோகோடு 7, 2004-இல் தன் பின்னிணைப்பில் இந்தக் காரணிகளைச் சேர்த்தது. 1981-இன் இந்தியத் தரம் ஐஎஸ் 6403 வடிவம், ஆழம், சுமைச் சாய்வு ஆகியவற்றுக்கு மட்டும் காரணிகள் தருகிறது. எனவே சாய்ந்த அடிப்பரப்பை வடிவமைக்கும் இந்தியப் பொறியாளர் ஹான்சனையோ வெசிச்சையோதான் நாட வேண்டியிருக்கிறது.