கோப்பி நோயும் குவாண்டம் கணினியும்

பணத்துக்கு மதிப்பைத் தருவது அதன் பின்னால் நிற்கும் நம்பிக்கையே என்பது பொருளியலார் பலரும் ஒப்பும் கருத்து. பொற்காசாக இருந்த பணம் காகித நோட்டாயிற்று. காகித நோட்டு இன்று கணினி ஏட்டில் எழுதப்படும் வெறும் எண்ணாயிற்று. அவ்வெண்ணைக் கள்வரிடமிருந்து காத்து நிற்பது மறைகுறிக் கணிதமாகும். குவாண்டம் கணினி அக்கணிதத்தை உடைக்குமோ, உடைப்பின் வங்கிகளின் கதியும் பிட்கொயின் போன்ற கிரிப்டோ நாணயங்களின் கதியும் யாதாகும் என்னும் வினா இந்நாளில் அறிஞரிடையே எழுந்துள்ளது. கருவி புதிதாயினும், நம்பியிருந்த அடிப்படை மெல்ல மெல்ல அரிக்கப்படும்பொழுது பணத்தைக் காப்பவர் யார் என்னும் கேள்வி பழையது. கண்டி நகருக்குத் தெற்கேயுள்ள கலஹா மலைச்சாரலின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு அதற்கு உரைகல்லாய் அமைகின்றது.

கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட ஆகிய பகுதிகள் அக்காலத்திற் கோப்பி விளையும் நிலங்களாய் விளங்கின. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, காட்டு வழியே கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பினாலே அத்தோட்டங்கள் வளர்ந்தன. அவற்றுக்கு வேண்டிய முதலிற் பெரும்பகுதி கடனாக வந்தது. கடன் வழங்கிய வங்கிகளுள் தலையாயது ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். 1842இல் பம்பாயில் வேறு பெயருடன் தோன்றிப் பின்னர் இலண்டனுக்குப் பெயர்ந்து, 1851இல் அரச பட்டயம் பெற்ற அவ்வங்கி இலங்கையில் நோட்டுகளையும் வெளியிட்டது. மக்கள் கையில் வழங்கிய அந்நோட்டுகளின் பெறுமதி, ஈற்றிலே மலைநாட்டுக் கோப்பிச் செடியின் நலத்தோடு பிணைந்திருந்தது.

1869ஆம் ஆண்டிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே மஞ்சட் செந்நிறப் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அவற்றை ஆராய்ந்த பெர்க்லியும் புரூமும் அது புதியதொரு பூஞ்சணம் எனக் கண்டு அதற்குப் பெயரிட்டனர். நோயின் இயல்பு அன்றே அறிஞர்க்குத் தெரிந்துவிட்டது. எனினும் துரைமார் பலர் அதனை வந்து போகும் வாட்டமென எண்ணினர். உரமிட்டால் தீருமெனக் கருதினர். விளைச்சல் குன்றியும் கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையால் இழப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆதலின் 1870களிலும் புதிய காடுகள் வெட்டப்பட்டன. புதிய கடன்களும் வழங்கப்பட்டன. 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலார் வந்து நோய் பரவும் முறையைத் தெளிவாக விளக்கியபோது காலம் பெரிதும் கடந்துவிட்டது.

இதற்கிடையே கலஹாவுக்கு அயலிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867இலே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி நோய்க்கு மருந்தாக அவர் அதனைத் தொடங்கவில்லை. நோய் வெளிப்படுமுன்பே செய்த முயற்சி அது. ஆயினும் தேயிலை பறிக்கும் முறையும் பதப்படுத்தும் முறையும் அங்கே ஆண்டுக்கணக்கிற் செய்து பார்த்து அறியப்பட்டிருந்தமையாலேயே, கோப்பி மடிந்தபோது மலைநாடு விரைந்து தேயிலைக்கு மாற முடிந்தது. மாற்றுப்பயிர் ஒரு நாளில் முளைப்பதன்று.

1884 மே 3ஆம் நாள் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. வெள்ளியின் விலைவீழ்ச்சியும் பிறநாட்டு இழப்புகளும் காரணமாயினும், இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்குக் கொடுத்த கடன் அதன் வீழ்ச்சிக்குப் பெரிதும் ஏதுவாயிற்று. வங்கி நோட்டை வைத்திருந்தோர் கலங்கினர். அவ்வேளையில் தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பேற்குமென அறிவித்தார், கலக்கம் தணிந்தது. அவ்வாண்டிலேயே 32ஆம் இலக்கக் காகித நாணயச் சட்டம் இயற்றப்பட்டு, நோட்டு வெளியிடும் உரிமை தனியார் வங்கிகளிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது. நோட்டுக்கு இவ்வாறு காவல் கிட்டிற்று. தொழிலாளியின் உழைப்புக்கு அத்தகைய காவல் இருக்கவில்லை. தோட்டங்கள் முறிந்தபோது பலருக்குக் கூலி நிலுவையாய் நின்றது. எண்ணற்றோர் வெறுங்கையுடன் தாயகம் மீண்டனர்.

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு இக்காலத்து வினாவை நோக்குதல் தகும். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், அடெல்மன் என்னும் மூவர் வகுத்த மறைகுறி முறை ஓர் எளிய உண்மையை அடிப்படையாக உடையது: இரு பெரும் பகா எண்களைப் பெருக்குதல் எளிது, பெருக்குத்தொகையைக் கொண்டு அவ்விரு எண்களையும் கண்டறிதல் மிக அரிது. பிட்கொயின் கையாளும் நீள்வளையக் கையொப்பமும் இதுபோன்றே, ஒரு திசையில் எளிதும் மறுதிசையில் அரிதுமான கணக்கைச் சார்ந்தது. 1994இல் பீட்டர் ஷோர் என்னும் கணித அறிஞர், போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி இவ்விருவகைக் கணக்குகளையும் விரைவில் தீர்த்துவிடும் என நிறுவினார். கோப்பி இலையிற் புள்ளி தோன்றிய நாளுக்கு ஒப்பானது அது.

ஆயினும் அத்தகைய கணினி இன்னும் அமையவில்லை. 2001இல் 15 என்னும் எண்ணை மூன்றாகவும் ஐந்தாகவும் பகுத்ததே இத்துறையில் ஒரு சாதனையாகக் கொள்ளப்பட்டது. 2024இல் கூகிள் நிறுவனம் அறிவித்த வில்லோ என்னும் சில்லில் 105 குவாண்டம் அலகுகளே இருந்தன. வழக்கிலுள்ள 2048 இரும இலக்க மறைகுறியை உடைக்க ஏறத்தாழ 2 கோடி அலகுகள் வேண்டுமென 2019இல் மதிப்பிட்ட ஆய்வாளருள் ஒருவரே, 2025இல் 10 இலட்சத்துக்கும் குறைவானவை போதுமென மதிப்பிட்டார். பொறி பெருகிவர, அதற்கு வேண்டிய அளவும் சுருங்கிவருகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

வங்கிகளின் நிலை அஞ்சத்தக்கதாயினும் கைகடந்ததன்று. வங்கித் தரவுகளை மூடிவைக்கும் சமச்சீர் மறைகுறிகள் திறவெண்ணை நீளமாக்கினால் நிலைக்கும். மாற்ற வேண்டியவை திறவெண் பரிமாற்றமும் கையொப்பமுமே. அவற்றுக்குரிய புதிய முறைகளை அமெரிக்கத் தேசிய நியம நிறுவகம் 2016 முதல் உலக அறிஞரிடமிருந்து பெற்று ஆராய்ந்து, 2024 ஆகஸ்டில் மூன்று நியமங்களாக வெளியிட்டது. மாற்றுப்பயிர் ஆயத்தமாயிற்று, நட வேண்டியதே எஞ்சியது. ஆயின் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. இன்று வழிமறித்துச் சேமித்து வைக்கப்படும் இரகசியச் செய்திகள், பொறி அமையும் நாளிற் படிக்கப்படலாம். பிந்தி நட்ட தேயிலை தோட்டத்தைக் காத்தது. பிந்தி மாற்றிய பூட்டோ முன்னரே களவுபோன செய்தியைக் காவாது.

வங்கிக்கு மற்றோர் அரணும் உண்டு. அது மனிதரின் பொறுப்பு. 2016இல் வங்காளதேச மத்திய வங்கியின் பணம் களவாடப்பட்டபோது கள்வர் எந்தக் கணிதத்தையும் உடைக்கவில்லை. வங்கியின் கணினிக்குள் நுழைந்து பொய்க்கட்டளைகளை அனுப்பினர். இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலர் ஓர் எழுத்துப்பிழையாற் கண்டுபிடிக்கப்பட்டுத் திருப்பப்பட்டது. ஐயுற்று நிறுத்தவும், தவறெனக் கண்டபின் மீட்கவும் அங்கே ஆட்கள் இருந்தனர்.

2009இல் இயங்கத் தொடங்கிய பிட்கொயினில் அத்தகைய பொறுப்பாளர் இல்லை; எவரையும் நம்ப வேண்டாமை அதன் சிறப்பெனவே கூறப்பட்டது. அதன் கையொப்ப முறையை மாற்றுவதற்குப் பயனாளர் பெரும்பாலோர் உடன்பட வேண்டும். உடன்பட்ட பின்னரும் ஒவ்வொருவரும் தத்தம் நாணயத்தைத் தாமே புதிய முகவரிக்கு மாற்ற வேண்டும். திறவெண்ணைத் தொலைத்தோரும் இறந்தோரும் அதனைச் செய்ய இயலாது. தொடக்க காலத்து நாணயங்கள் பலவற்றின் பொதுத் திறவெண்கள் யாவரும் காணுமாறு ஏட்டிற் கிடக்கின்றன. அவற்றை முடக்கினால் உடைமை உரிமை கெடும்; விட்டுவைத்தால் கள்வருக்கு இரையாகும். இச்சிக்கலைத் தீர்த்துவைக்க அங்கே ஒரு கோர்டன் இல்லை.

எனவே, குவாண்டம் கணினியால் வரக்கூடிய இடர் மெய்யானதே. வங்கிகளைப் பொறுத்தவரை அது காலந்தாழ்த்துவதால் நேரும் இடர். கிரிப்டோ நாணயங்களைப் பொறுத்தவரை, பொறுப்பேற்பார் இன்மையால் அது மேலும் ஆழமானது. 1869க்கும் 1884க்கும் இடையே மலைநாட்டுக்குப் பதினைந்து ஆண்டுகள் கிடைத்தன. ஷோர் தம் முறையை வெளியிட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அன்று இலைநோயை முதலில் அறிந்தவர் அறிஞர். அசட்டை செய்தவர் முதலாளிகள். துயரத்தைச் சுமந்தவரோ இரண்டும் அல்லாத ஏழைத் தொழிலாளர். இன்றும் மறைகுறியின் பெயரையே அறியாத சிறு சேமிப்பாளரின் பணம் அதன் காவலிலேதான் இருக்கின்றது. அவர் பொருட்டு வருமுன் காத்தல் கணிதமும் வணிகமும் கற்றோர் யாவர்க்கும் உரிய கடனாகும்.