கான்டர் – ஷனன்: ஒரே தூரம், வேறு நேரம்

நியூபவுண்ட்லாந்திலுள்ள கான்டர் விமான நிலையத்துக்கும் அயர்லாந்தின் ஷனனுக்கும் இடையே ஏறக்குறைய 3,200 கிலோமீற்றர். 1940களின் இறுதியில் அத்திலாந்திக்கைக் கடந்த பயணிகள் விமானங்கள் பல இவ்விரு இடங்களிலும் இறங்கியே எரிபொருள் நிரப்பின. தூரம் ஒன்றாயினும் நேரம் ஒன்றல்ல: மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்து வரக் கூடுதல் மணித்தியாலங்கள் வேண்டும். பின்னர் ஜெற் விமானங்கள் கான்டரில் இறங்காமலே பறந்தன. ஆயினும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கியூபா சென்ற விமானங்கள் அங்கு தரித்தன. இறங்கிப் புகலிடம் கேட்டோர் பலர்.

காற்றைவிட விசாவே பயண நேரத்தைத் தீர்மானித்தது என்பது என் வாதம். 1986 ஓகஸ்டில் அதே தீவின் கரைக்கப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். கப்பல் புறப்பட்டதோ மேற்கு ஜேர்மனியில். அந்தப் பொய்யைப் பற்றி அதிகம் பேசினார்கள். ஜெற் விமானம் ஐந்தாறு மணித்தியாலத்தில் தாண்டும் கடலைக் கடக்க அவர்களுக்கு ஏன் அத்தனை நாட்கள் சென்றன என்று கேட்டவர் குறைவு.