60 வயதுக்குப் பின் உடற்பயிற்சி: விழாமல், வலிக்காமல் தொடங்குவது எப்படி?

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, துணையில்லாமல் கழிவறைக்குப் போய் வருவது, கோயில் படியைப் பயமில்லாமல் ஏறுவது. இந்த மூன்றும் முடிகிற வரைக்கும் ஒருவர் தம் வீட்டில் தம் விருப்பப்படி வாழ முடியும். முடியாமல் போகும் நாளில், அம்மாவைப் பார்த்துக்கொள்வதா, வேலைக்குப் போவதா என்ற கேள்வி பிள்ளைகள் முன் வந்து நிற்கிறது. முதியோர் உடற்பயிற்சியின் நோக்கம் உடலை முறுக்கேற்றுவது அன்று. இந்த மூன்று காரியங்களையும் கைநழுவ விடாமல் காப்பதுதான்.

மலேசியாவில் 60 வயதை எட்டியவர்கள் மூத்த குடிமக்களாகக் கருதப்படுகிறார்கள். அந்த வயதைத் தாண்டியவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் உதவும் விவரங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

உழைத்த உடம்புக்கு எதற்கு உடற்பயிற்சி?

தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக நடந்து மரம் வெட்டி, பால் வாளியைத் தூக்கிச் சுமந்த உடம்பு அது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால், தசைபலம் இபிஎஃப் பணம் போன்றதல்ல. இளமையில் சேர்த்துவைத்து முதுமையில் எடுத்துக்கொள்ள முடியாது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. வேலை நின்று, தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்து, நாள் முழுவதும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பவருக்கு இழப்பு இன்னும் அதிகம்.

நல்ல செய்தியும் உண்டு. எழுபதிலும் எண்பதிலும் தொடங்கினாலும் தசை வலுப்பெறும். தொடங்க வேண்டும், தொடர வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு செய்ய வேண்டும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. முதலாவது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு. இரண்டாவது, வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. மூன்றாவது, வாரத்தில் 3 நாளோ அதற்கு மேலோ உடல் சமநிலையையும் பலத்தையும் வளர்க்கும் பயிற்சி. விழாமல் தடுப்பது இந்த மூன்றாவதுதான். நம்மவர்கள் அதிகம் விட்டுவிடுவதும் இதைத்தான். நடந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

150 நிமிடம் என்றதும் மலைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு 10 நிமிடத்தில் தொடங்கலாம். கொஞ்சம் செய்வது ஒன்றும் செய்யாததைவிட நல்லது என்றுதான் அந்த வழிகாட்டியும் சொல்கிறது. “மிதமான” என்பதை அறிய எளிய வழி உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

கால் பலத்தை நீங்களே சோதிக்கலாம்

சுவரை ஒட்டிப் போட்ட, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில் அமருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். 30 விநாடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணட்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயன்படுத்தும் அளவுகோலின்படி, 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 11 முறைக்குக் குறைவாகவும், 70 முதல் 74 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 10 முறைக்குக் குறைவாகவும் செய்தால், விழும் ஆபத்து அதிகம் என்று பொருள். கையூன்றினால்தான் எழ முடிகிறது என்றால், அடுத்த முறை கிளினிக் போகும்போது அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்ய ஐந்து பயிற்சிகள்

முதல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தபடி கால்களை மாற்றி மாற்றித் தூக்கி இறக்கி, தோள்களைச் சுழற்றி உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். லேசான பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கும். அதைப் பயன்படுத்த வேண்டாம். வெறுங்காலிலோ பிடிப்புள்ள காலணியிலோ நில்லுங்கள். காலுறையோடு வழவழப்பான தரையில் நிற்பது ஆபத்து.

1. எழுந்து உட்காருதல்: நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்து, பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, உடலை முன்சாய்த்து எழுங்கள். மெதுவாக உட்காருங்கள். 5 முறையில் தொடங்கி 10-க்குக் கொண்டுவரலாம். முதலில் கையூன்றினாலும் தவறில்லை.

2. குதிகால் உயர்த்துதல்: சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களைத் தூக்கி, மூன்று எண்ணி, இறக்குங்கள். 10 முறை.

3. சுவர்த் தள்ளல்: சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் பதித்து, முழங்கையை மடக்கிச் சுவரை நெருங்கித் திரும்புங்கள். 8 முதல் 10 முறை.

4. பக்கவாட்டில் கால் தூக்குதல்: மேடையைப் பிடித்தபடி, உடலைச் சாய்க்காமல் ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 8 முறை. இடுப்பைத் தாங்கும் தசைக்கு இது.

5. ஒரே கோட்டில் நிற்றல்: ஒரு பாதத்தின் குதிகாலுக்குப் பின்னால் மறு பாதத்தின் விரல்கள் தொடும்படி நில்லுங்கள். இலக்கு 10 விநாடி. மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்கக்கூடாது. அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வெளியேறும்.

நிற்கவே சிரமப்படுபவர்கள் உட்கார்ந்தபடி கணுக்காலை மேலும் கீழும் அசைத்து, முழங்காலை நீட்டி மடக்கலாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரை கிலோ எடை. ஒரு கையில் ஒன்றாகப் பிடித்துத் தூக்க அது போதும்.

நடையும் படியும்

நம் நாட்டு வெயிலில் காலை 9 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பின்போ நடப்பதே நல்லது. தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். தோட்டச் சாலையில் செம்பனை லோரிகள் வருமென்பதால் வெளிர்நிற உடை அணியுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிநடையை விட்டு வீட்டுக்குள் பயிற்சி செய்யுங்கள்.

தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளை ஏற நினைப்பவர்கள், அன்றைக்கு மட்டும் மனவலிமையை நம்பிப் போகாமல், இரண்டு மூன்று மாதம் முன்பே கைப்பிடியுள்ள படிகளில் பழகுங்கள். ஒரு மூட்டில் வலி உள்ளவர்கள், ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வைக்க வேண்டும்.

இனிப்புநீர், இரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்கள்

2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இனவாரியாக அது இந்தியர்களிடையே மிக அதிகம். எனவே நம் குடும்பங்களுக்கு இப்பகுதி முக்கியமானது.

இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை உண்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை அளவு இறங்கிவிடலாம். வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். சட்டைப்பையில் மிட்டாய் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே உட்கார்ந்து 3 தேக்கரண்டி சீனி கலந்த நீரைக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். சிலிப்பரில் நடக்காமல் மூடிய காலணி அணியுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தில் புண், கொப்புளம் உள்ளதா என்று பாருங்கள். பாதம் மரத்தவர்களுக்குக் காயம் பட்டதே தெரியாது.

இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்கள் படுக்கையிலிருந்து சட்டென எழக்கூடாது. ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுங்கள்.

முழங்கால் தேய்மானம் என்றால் அசையாமல் இருப்பதே மருந்து என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், தொடைத்தசை வலுப்பட்டால் மூட்டின் சுமை குறையும். பயிற்சிக்குப் பிறகு வரும் லேசான வலி இரண்டு மணி நேரத்தில் அடங்கினால் கவலையில்லை. அதற்கு மேல் நீடித்தாலோ மூட்டு வீங்கினாலோ அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், அறுவைச் சிகிச்சை கண்டவர்களும், கடந்த ஆண்டில் விழுந்தவர்களும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவதே முறை.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல், தலைசுற்றல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல். இவற்றில் ஒன்று வந்தாலும் உட்கார்ந்து 999-ஐ அழையுங்கள். “வாயுவாக இருக்கும்” என்று வெந்நீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

விழுந்துவிட்டால் அவசரப்பட்டு எழவோ, பிறர் தூக்கிவிடவோ வேண்டாம். இடுப்பு வலித்தாலோ கால் அசையாவிட்டாலோ அப்படியே இருந்து ஆம்புலன்ஸை அழையுங்கள். வலி இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, தவழ்ந்து, உறுதியான நாற்காலியைப் பிடித்து எழலாம். பயிற்சியோடு வீட்டையும் சரிசெய்யுங்கள். குளியலறையில் சறுக்காத விரிப்பு, சுவரில் கைப்பிடி, இரவில் கழிவறை வரை வெளிச்சம் ஆகிய மூன்றும் முதலில் வேண்டும்.

யாரோடு, எங்கே?

தனியாகத் தொடங்குபவர்கள் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். சமூகநலத் துறையின் கீழ் இயங்கும் ‘பாவே’ எனப்படும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் பல ஊர்களில் உள்ளன. 60 வயதைக் கடந்தவர்கள் சேரலாம். பட்டணப் பூங்காக்களில் காலையில் சீன மூதாட்டிகள் தைச்சி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவான அந்த அசைவுகள் விழுவதைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கேட்டால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். தோட்டத்தில் என்றால் கோயில் மண்டபமே போதும்; பூசைக்கு முன் நாலு பேர் 15 நிமிடம் ஒதுக்கினால் ஒரு குழு உருவாகிவிடும்.

முதல் வாரத்துக்கு ஒரு திட்டம்

திங்கள், புதன், வெள்ளி: மேலே சொன்ன ஐந்து பயிற்சிகள், ஒரு சுற்று.
செவ்வாய், வியாழன், சனி: 10 நிமிட நடை.
ஞாயிறு: ஓய்வு.

வலி இல்லாமல் இரண்டு வாரம் போனால் நடையை 5 நிமிடம் கூட்டுங்கள், பயிற்சியை இரண்டு சுற்றாக்குங்கள். மூன்று மாதம் கழித்து, நாற்காலிச் சோதனையை மீண்டும் செய்து முதல் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண்ணை நாட்காட்டியில் குறித்து வைப்பது பேரப்பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும்.