விடுதியில் ஒரு கட்டில்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. நாலு நாளைக்கு முன்னர் கொழும்பிலும் குண்டு விழுந்திருந்தது. பர்மா ஜப்பானியர் கைக்குப் போய்க்கொண்டிருந்ததால் அரிசி வரத்தும் நின்றது. சனங்கள் பட்டினத்தை விட்டுக் காட்டுக் கிராமங்களுக்கு ஓடிய கதைகளைக் கேட்டே கிண்ணியாவில் நாங்கள் வளர்ந்தோம்.

அந்தக் கதைகளில் வராத மனிதர் ஒருவர் உண்டு. யுத்தகால அரிசித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, உணவு உற்பத்தியைப் பெருக்கவென்று அதே ஆண்டில் கல்முனைக்கு அவசரகால உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்ட மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். வயது முப்பது. இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். குண்டுவீச்சுக்கும் கல்லூரி நட்புக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். நெல்லுக்காகப் போன அதிகாரி அங்கே கண்டது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை. மூன்று வருடத்தில், 1945இல், இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றியது. இலவசக் கல்வி வந்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் கட்டணம் போனாலும் சோறும் கட்டிலும் புத்தகமும் எல்லோருக்கும் இலவசமாகிவிடவில்லை. கல்லூரி நட்பைப் பற்றி நாம் உருகிப் பேசுகிறோம். அந்த நட்புக்கு முதலில் விடுதியில் ஒரு கட்டில் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். அஸீஸ் மறக்கவில்லை.

ஏன் மறக்கவில்லை என்பதற்கு அவருடைய பள்ளி வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். சைவப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து தமிழ் கற்ற முஸ்லிம். கல்முனையில் அவர் நெருங்கிப் பழகியவர்களில் ஒருவர் அயலூரான காரைதீவைச் சேர்ந்த விபுலானந்த அடிகள். எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியை முன்பு நடத்தியவரும் அடிகள்தான். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான அவரிடம் படித்த எம்.எம். உவைஸ், தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்பைத் தமது முதுமாணி ஆய்வாக்கினார். இன்று இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்று நாம் உரிமையோடு சொல்லும் துறைக்கு ஒரு துறவியின் வகுப்பறையும் ஒரு வாசல்.

1948இல் அஸீஸ் சிவில் சேவையை உதறிவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அவருடைய காலத்தில் அங்கே படிக்க வந்தவர்களில் கரவெட்டிப் பையன் ஒருவரும் இருந்தார்: கார்த்திகேசு சிவத்தம்பி. இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிம் பிள்ளைக்குக் கொடுத்த வாங்கை அந்த முஸ்லிம் ஒரு சைவப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று நான் இதை வாசிக்கிறேன். கணக்குப் பார்த்துச் செய்ததல்ல, பழக்கத்தில் வந்தது.

பேராதனையில் சிவத்தம்பிக்குக் கிடைத்த நண்பர் க. கைலாசபதி. றோயல் கல்லூரியிலிருந்து வந்தவர், ஒரு வயது இளையவர். ஐம்பதுகளில் தொடங்கிய அந்த நட்பு 1982 டிசம்பரில் கைலாசபதி மறையும் வரை நீண்டது. இருவரும் மார்க்சியர், இருவரும் பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடமே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார்கள். ஒருவர் பழந்தமிழ் வீரயுகப் பாடலையும் மற்றவர் பழந்தமிழ்ச் சமூகத்து நாடகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பேராதனை மரநிழலில் ஆரம்பித்த ஒரே பேச்சின் இரண்டு பாதிகள் போலில்லையா?

1959இல் கைலாசபதி தினகரன் ஆசிரியரானபோது சுபைர் இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' அதில் தொடராக வந்தது. இளங்கீரன் பல்கலைக்கழக வாசலை மிதித்தவரல்லர். அவருக்கும் அந்தப் பத்திரிகையில் கதவு திறந்தது.

எல்லோருக்கும் திறந்ததா? இல்லை. பேராதனை நட்பு பின்னாளில் கோஷ்டியாகவும் இறுகியது. அறுபதுகளில் முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து 'நற்போக்கு' என்று கொடி பிடித்த எஸ். பொன்னுத்துரையின் கோபத்தில் மிகை உண்டு, நியாயமும் உண்டு. எங்கள் பட்டினத்துப் பிள்ளை பிரமிள், தருமு சிவராமு என்ற பெயரில் இருபது வயதளவில் சென்னை 'எழுத்து' ஏட்டில் எழுதத் தொடங்கியவர். அவருக்கு விடுதி இல்லை, தபாற்பெட்டிதான் இருந்தது. 1997இல் வேலூருக்குப் பக்கத்தில் இறக்கும்வரை சண்டையிடாத நண்பர் அவருக்கு அநேகமாக இல்லை. தனிமை அவர் கவிதைக்கு உதவியது என்பார்கள். அந்த மனிதருக்கு உதவியதாக எனக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கட்டில் கிடைத்தது எழுபதுகளில். 2009இல் பாலம் வருமுன் கிண்ணியாவிலிருந்து வெளியேற 'பாதை'யில் ஏறித்தான் கடக்கவேண்டும். வாப்பா தகரப் பெட்டியோடு ஏற்றிவிட்டார். அறைத்தோழன் மூதூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பையன். கொட்டியாரக் குடாவின் இரு கரையில் பிறந்த நாங்கள் சந்திக்க மகாவலியின் மேற்கரை வரை போகவேண்டியிருந்தது, பாருங்கள். என் முதல் கட்டுரையை வாசித்துவிட்டு, "மச்சான், நீ நினைச்சதை எழுதல்ல, ஆக்கள் மெச்சுறதை எழுதியிருக்காய்" என்றான். நாற்பது வருட ஆசிரியத் தொழிலில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தியபோதெல்லாம் அந்தக் குரலில்தான் திருத்தினேன்.

பிறகு எண்பதுகள். அவன் ஊருக்கு நான் போகமுடியாத வருடங்களும் என் ஊருக்கு அவன் வரமுடியாத வருடங்களும் வந்தன. 1979இல் மௌனகுரு, சித்திரலேகா மௌனகுரு, எம்.ஏ. நுஃமான் மூவரும் சேர்ந்து 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' எழுதினார்கள், பெயர்களைப் பாருங்கள். பதினொரு வருடம் கழித்து, 1990 ஒக்டோபரில், வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுஃமானின் காலமும் அந்த ஆண்டோடு முடிந்தது. நூல் மட்டும் இரண்டு சமூகத்து மாணவர் கையிலும் இருந்தது.

2006இல் மூதூரிலிருந்து எங்கள் சனம் நடந்தே வெளியேறிய நாட்களில் என் அறைத்தோழன் தொலைபேசியில் அழைத்தான். அவனும் அப்போது இடம்பெயர்ந்து வேறோர் ஊரில் இருந்தான். யாருடைய பிழை என்று இருவரும் பேசவில்லை. என் பேத்தி எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டான்.

இப்போது எங்கள் மாவட்டத்திலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. பாதையும் தேவையில்லை. பேத்தி அங்கே சேர்ந்தபோது எந்தப் பாடம் என்று எல்லோரும் விசாரித்தார்கள். நான் விசாரித்தது அறையில் அவளோடு இருக்கும் பிள்ளை எந்த ஊர் என்று.